பயர்பாக்ஸ் 56-ஐ விடாத கிராணி: சுங்கை சிப்புட்டில் ஒரு நிகழ்வு ஆய்வு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டில், சனிக்கிழமை மாலைகளில் ஓர் ஆலய மண்டபத்தின் பின்னறையில் நானும் இன்னொரு தொண்டரும் கணினி உதவி செய்து வருகிறோம். கைப்பேசியில் இடம் நிரம்பிவிட்டது, மின்னஞ்சல் திறக்கவில்லை, சேமநிதிக் கணக்கைப் பார்க்க வேண்டும் என்று வருகிறவர்களே அதிகம். 2024 பிப்ரவரியில் வந்த ஒரு விவகாரம் மட்டும் மூன்று மாதம் நீடித்தது. சம்பந்தப்பட்ட பெரியவரின் ஒப்புதலோடு, அவர் படித்துத் திருத்திக் கொடுத்த பிறகு இதை எழுதுகிறேன். ஆள்களின் பெயரையும் தோட்டம், வங்கி, அலுவலகம் ஆகியவற்றின் பெயரையும் விட்டுவிட்டேன்.

## பின்னணி

பெரியவருக்கு அப்போது வயது 68. 1976 முதல் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்தவர். பால்மரங்கள் போய்ச் செம்பனை வந்தபோதும் அதே மேசையில் இருந்தார். 2006இல் தோட்டம் கைமாறியது. லயங்கள் (தொழிலாளர் வரிசை வீடுகள்) காலி செய்யப்பட்டன, 118 குடும்பங்கள் பல தாமான்களுக்குச் (வீடமைப்புப் பகுதிகளுக்கு) சிதறிப் போயின. தோட்டத்தில் இருந்தபோது நடந்து வந்த மரண சகாய நிதியை மட்டும் அவர் விடவில்லை. இப்போது 74 குடும்பங்கள் மாதம் 5 வெள்ளி (ரிங்கிட்) கட்டுகின்றன. ஒரு சாவு விழுந்தால் அன்றைக்கே 2,000 வெள்ளி வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். பொருளாளர் அவர்தான். கணக்கும் உறுப்பினர் பதிவேடும் வங்கிப் பரிமாற்றமும் அவர் வீட்டு முன்னறையில் உள்ள ஒரே கணினியில் இருந்தன.

அந்தக் கணினியில் விண்டோஸ் 7 ஓடியது. அதற்கான மைக்ரோசாப்டின் பொது ஆதரவு 2020 ஜனவரி 14ஆம் தேதியோடு முடிந்திருந்தது. உலாவி பயர்பாக்ஸ் 56, அதாவது 2017 செப்டம்பரில் வெளிவந்த பதிப்பு. ஆறு ஆண்டுகளுக்கு மேல் அவர் அதைப் புதுப்பிக்கவில்லை. மறந்துபோனதால் அப்படி விட்டுவிடவில்லை. தானாகப் புதுப்பிக்கும் வசதியைத் தேடிப்பிடித்து அணைத்து வைத்திருந்தார்.

## அந்த உலாவி ஏன்

இதைச் சொல்லாமல் அடுத்து நடந்தது விளங்காது. நாங்களே இதைக் கடைசியில்தான் கேட்டோம், அதுதான் எங்கள் பெரிய பிழை.

2000களின் தொடக்கத்தில் இணையத்தில் தமிழ் படிப்பது ஒரு போராட்டம். ஒவ்வொரு பத்திரிகையும் தன் சொந்த எழுத்துருவில் வந்தது. திஸ்கி, டாப், டாம் எனக் குறியாக்கங்கள், அதாவது எழுத்துகளைக் கணினியில் எண்களாகச் சேமிக்கும் முறைகள், ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல் இருந்தன. சில தளங்களின் எழுத்துரு இண்டர்நெட் எக்ஸ்புளோரரில் மட்டும் தானாக இறங்கும், மற்ற உலாவிகளில் பக்கம் முழுக்கப் புரியாத குறிகள் தெரியும். எல்லா மொழிகளுக்கும் பொதுவான ஒருங்குறி (யூனிகோடு) இருந்தது, ஆனால் பத்திரிகைகள் அதற்கு வர ஆண்டுகள் ஆயின.

2007 வாக்கில், பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த ஒரு தோட்டத்துப் பையன் விடுமுறைக்கு வந்தபோது பெரியவருக்குப் பயர்பாக்ஸைப் போட்டுக் கொடுத்து, கூடவே 'பத்மா' என்ற நீட்டிப்பையும் (உலாவியோடு சேர்க்கும் துணைநிரலையும்) நிறுவினான். பழைய இந்திய மொழிக் குறியாக்கங்களை அங்கேயே ஒருங்குறியாக மாற்றிக் காட்டும் கருவி அது. முதல்முதலாக ஐந்து தமிழ்ப் பத்திரிகைகளை ஒரே சன்னலில், எழுத்துரு எதையும் தேடி இறக்காமல் படித்தாராம். "ஊமையாக இருந்த பெட்டி பேசியது போல இருந்தது" என்றார்.

அந்தப் பயர்பாக்ஸும் குறையில்லாதது அன்று. இரண்டு ஓரமும் சமமாக அமைத்த பத்திகளில் தமிழ் எழுத்துகள் உடைந்து, கொம்பு ஓரிடத்திலும் கால் ஓரிடத்திலும் நின்றன. 2008 ஜூனில் வந்த பயர்பாக்ஸ் 3 அதைச் சரிசெய்தது. அந்தப் பதிப்பு ஒரே நாளில் 80 இலட்சம் முறைக்கு மேல் பதிவிறக்கப்பட்டு உலகச் சாதனை படைத்தது. பதிவிறக்கியவர்கள் தங்கள் பெயரில் அச்சிட்டுக்கொள்ள ஒரு சான்றிதழும் தந்தார்கள். பெரியவரின் நிதிக் கணக்குக் கோப்பில், உள் அட்டையில் அது ஒட்டியிருக்கிறது. மை மங்கிவிட்டது, ஓரத்தில் கறையான் தின்ற தடம். அதைக் காட்டியபோது அவர் சிரிக்கவில்லை, நாங்களும் சிரிக்கவில்லை.

அவருடைய பழக்கம் இப்படி அமைந்தது. முகவரிப் பட்டையில் 1 என்று தட்டி என்டர் அழுத்தினால் வங்கி. 2 என்றால் பத்திரிகை. 3 சேமநிதி. 4 கூட்டுறவு அலுவலகத் தளம். பயர்பாக்ஸில் புத்தகக்குறி ஒவ்வொன்றுக்கும் ஒரு குறுஞ்சொல் கொடுத்து வைக்கலாம், அவர் எண்ணைக் கொடுத்து வைத்திருந்தார். திரையின் கீழ் விளிம்பில் செலோபேன் டேப்பால் ஒட்டிய தாள் துண்டில், கிராணிக் கையெழுத்தில் 1 முதல் 9 வரை பட்டியல். கடவுச்சொற்கள் எல்லாம் உலாவிக்குள். அவற்றுக்கு மேலே ஒரு முதன்மைக் கடவுச்சொல், அது அவர் தலைக்குள் மட்டும்.

## 2017 நவம்பர்

பயர்பாக்ஸ் 57 அந்த மாதம் 14ஆம் தேதி வந்தது. வேகம் கூடியது. ஆனால் பழைய கட்டமைப்பில் எழுதிய நீட்டிப்புகள் எல்லாம் ஒரே நாளில் செயலிழந்தன. பெரியவரின் பத்மாவும் போனது. நகரத்துக் கணினிக் கடைக்காரர் 56ஆம் பதிப்பைத் திரும்பப் போட்டு, புதுப்பித்தலை எப்படி அணைப்பது என்றும் காட்டிக் கொடுத்தார்.

2019 மே 4ஆம் தேதி இன்னொரு அடி. பயர்பாக்ஸை உருவாக்கும் மொசில்லா, நீட்டிப்புகள் நம்பத்தக்கவை என்று கையொப்பமிடப் பயன்படுத்திய மின்னியல் இடைநிலைச் சான்றிதழ் ஒன்று காலாவதியாகி, உலகம் முழுவதும் பயர்பாக்ஸ் நீட்டிப்புகள் முடங்கின. பழைய பதிப்புகளுக்கும் பிறகு திருத்தம் வந்தது, கடைக்காரர் அதை நிறுவினார். இரண்டு முறை பறிபோய் இரண்டு முறை திரும்பக் கிடைத்த பொருள் அது. அதன் பிறகு அவர் யாரையும் அந்தக் கணினியில் கைவைக்க விட்டதில்லை.

## உலாவி மாற்றப்பட்ட வாரங்கள்

2023 கடைசியில் வங்கித் தளம் அந்தப் பழைய உலாவியில் பாதி திறந்து நின்றது. பொத்தான்கள் தெரியும், அழுத்தினால் ஒன்றும் நடக்காது. கூட்டுறவு அலுவலகத் தளமோ "இந்த உலாவி ஆதரிக்கப்படவில்லை" என்று எழுதிக் காட்டியது. இரண்டு மாதம் அவர் கிளைக்கு நேரில் போய் வரிசையில் நின்றார்.

2024 ஜனவரியில், ஈப்போவில் வேலை செய்யும் தங்கை மகன் வந்தான். அக்கறையுள்ள பிள்ளை, மாமாவுக்கு மாதந்தோறும் மருந்து வாங்கி வருகிறவன். "மாமா, இது ரொம்பப் பழையது. எல்லோரும் குரோம்தான் பயன்படுத்துகிறார்கள்" என்று சொல்லி குரோமை நிறுவினான். விண்டோஸ் 7-இல் குரோம் 109க்கு மேல் போகாது, அது 2023 ஜனவரியோடு நின்ற பதிப்பு. இனிப் புதுப்பிப்பு வராது என்ற எச்சரிக்கை மேலே தெரிந்ததை அவன் மூடிவிட்டான். ஆக, ஒரு பழைய உலாவிக்குப் பதிலாகக் கொஞ்சம் குறைவாகப் பழையதான இன்னோர் உலாவி வந்தது.

புத்தகக்குறிகள் குரோமுக்குள் வந்தன. கடவுச்சொற்கள் வரவில்லை. முதன்மைக் கடவுச்சொல்லால் பூட்டியிருந்ததை வேறு உலாவியால் திறந்து எடுக்க முடியவில்லை. மருமகன் நினைவிலிருந்து மாமா சொன்னவற்றைத் தட்டிப் பார்த்தான். மூன்றாம் முறை தவறியதும் வங்கிக் கணக்கின் இணைய நுழைவு பூட்டப்பட்டது. மறுநாள் கிளைக்குப் போய் அதைத் திறந்து புதுக் கடவுச்சொல் போட்டுக்கொண்டார்கள். பழைய உலாவி இருந்தால் மாமா புதியதைப் பழகமாட்டார் என்று நினைத்து, ஊருக்குக் கிளம்பும்முன் மருமகன் பயர்பாக்ஸை நீக்கியும்விட்டான்.

பிப்ரவரி முதல் வாரம் ஓர் உறுப்பினர் வீட்டில் சாவு. அன்று காலையே 2,000 வெள்ளி அனுப்ப வேண்டும். பெரியவர் குரோமைத் திறந்தார். முகவரிப் பட்டையில், பதினேழு ஆண்டுப் பழக்கத்தில், 1 என்று தட்டி என்டர் அழுத்தினார். ஒன்று என்ற எண்ணைப் பற்றிய தேடல் முடிவுகள் வந்தன. மறுபடி தட்டினார், மறுபடி அதே. பிறகு வங்கியின் பெயரைத் தட்டினார். முதலில் நின்ற இணைப்பைச் சொடுக்கினார். அது விளம்பரம்.

திறந்த பக்கம் வங்கியின் நிறத்திலேயே இருந்தது. பயனர் பெயரைக் கொடுத்தார். அடுத்த திரை உடனே கடவுச்சொல்லைக் கேட்டது. நம் நாட்டு வங்கித் தளங்கள் பலவற்றில், கடவுச்சொல் கேட்கும் முன், நாமே தேர்ந்துவைத்த பாதுகாப்புப் படம் ஒன்று காட்டப்படும். அவர் தேர்ந்திருந்தது ஒரு பாய்மரக் கப்பல். கப்பல் வரவில்லை. விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டு, திரையை அணைத்து, வங்கி அட்டையின் பின்னால் உள்ள எண்ணுக்கு அழைத்தார். அவர்கள் நுழைவை முடக்கிப் பயனர் பெயரை மாற்றிக் கொடுத்தார்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997 எண்ணுக்கும் தகவல் சொன்னார். பணம் எதுவும் போகவில்லை. துக்க வீட்டுக்குப் பணம் மாலை நான்கு மணிக்கு, ரொக்கமாக, இரண்டு பேரிடம் கைமாற்று வாங்கிப் போய்ச் சேர்ந்தது. அவரை வருத்தியது இந்தக் கடைசிச் செய்திதான். நிதி தொடங்கிய நாளிலிருந்து பணம் தாமதமானது அதுவே முதல் முறை.

## முதல் இரண்டு சந்திப்புகள்

அடுத்த சனிக்கிழமை அவர் எங்களிடம் வந்தார். பழைய உலாவியைத் திரும்பப் போட்டுத் தர வேண்டும், அதுவும் 56ஆம் பதிப்பையே, என்று கேட்டார். நான் முடியாது என்றேன். ஆறு ஆண்டு ஓட்டைகள் அடைக்கப்படாத உலாவியில் வங்கி வேலை செய்யக்கூடாது என்று விளக்கினேன். சொன்னது சரிதான். ஆனால் அதோடு, "எந்த உலாவியானாலும் எல்லாம் ஒன்றுதான் ஐயா, பழகிவிடும்" என்றும் சொன்னேன். அவர் எழுந்து போய்விட்டார்.

இரண்டாம் முறை என் தோழர் அவர் வீட்டுக்கே போனார். கணினியை ஆராய்ந்ததில் ஒரு நல்ல செய்தி கிடைத்தது. பயர்பாக்ஸை நீக்கினாலும் பயனரின் சுயவிவரக் கோப்புறை கணினியிலேயே தங்கிவிடும். புத்தகக்குறிகளும் பூட்டிய கடவுச்சொற்களும் அப்படியே இருந்தன. வேறெதையும் தொடாமல், முதலில் அந்தக் கோப்புறையை இரண்டு பென்டிரைவுகளில் நகலெடுத்தார். இதை அவர் செய்தது எங்கள் அதிர்ஷ்டம். அன்று நானாக இருந்திருந்தால் நேரே புதுப் பதிப்பை நிறுவத்தான் போயிருப்பேன்.

## மூன்றாம் சந்திப்பு

மூன்றாவது முறை இருவரும் போனோம். தோழர் ஒரு கேள்வி கேட்டார்: "ஐயா, 56இல் இருந்து மற்றதில் இல்லாதது எது?"

பெரியவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு ஒரு கோப்புறையைத் திறந்து காட்டினார். உள்ளே 118 குடும்பங்களின் பதிவேடு. 2006இல் லயங்கள் காலியானபோது அவரே தட்டெழுதியது. குடும்பத் தலைவர், மனைவி, பிள்ளைகள், அடையாள அட்டை எண், லயத்தின் கதவு எண், எந்தத் தாமானுக்குப் போனார்கள், யார் இறந்தார்கள், எந்தத் தேதி. அப்போது அவரிடம் இருந்த மென்பொருள் திஸ்கியில் எழுதுவது, ஆகவே 41 கோப்புகளும் திஸ்கி. இணையப் பக்கங்களாகச் சேமித்திருந்தார். அவை தமிழாகத் தெரிவது அந்த ஓர் உலாவியில், அந்த ஒரு நீட்டிப்போடு மட்டும்.

குரோமில் ஒரு கோப்பைத் திறந்து காட்டினார். உச்சிக்கொம்பு வைத்த அயல்மொழி எழுத்துகளும் நாணயக் குறிகளும் வரிசை வரிசையாக நின்றன. ஒரு வரியில் விரலை வைத்து, "இது என் அண்ணன் குடும்பம்" என்றார்.

நிதி நடப்பதே அந்தப் பதிவேட்டை நம்பித்தான். தோட்டத்தில் பிறந்த ஒரு பிள்ளை இருபது ஆண்டு கழித்து வந்து, தன் அம்மா உறுப்பினரா என்று கேட்டால், பதில் அங்கேதான் இருக்கிறது. இறந்த தோட்டத்தின் எஞ்சிய பேரேடு அது. பத்திரிகைகள் எல்லாம் எப்போதோ ஒருங்குறிக்கு மாறிவிட்டன, அந்தக் காரணம் தீர்ந்துவிட்டது என்பது அவருக்கே தெரியும். பதிவேட்டைப் பற்றி யாரிடமும் சொல்லாததற்கு அவர் சொன்ன விளக்கம்: "யாரும் கேட்கவில்லை. மாற்று என்றுதான் சொன்னார்கள்."

## எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதலில், 56ஆம் பதிப்பை அவர் கேட்டபடியே திரும்ப நிறுவினோம். ஆனால் இணையக் கம்பியைக் கழற்றிவிட்டு. அது இனி கோப்புகளைப் படிக்கும் கருவி மட்டும். முதன்மைக் கடவுச்சொல்லை அவரே தட்டினார், நாங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டோம். அந்தப் பதிப்பில் கடவுச்சொற்களைக் கோப்பாக வெளியே எடுக்கும் வசதி கிடையாது, அது 2020இல்தான் வந்தது. எனவே பட்டியலைத் திரையில் காட்டவைத்து, 23 கணக்குகளையும் அவர் ஒரு கணக்குப் புத்தகத்தில் மையால் எழுதினார். பெரிய எழுத்துக்கும் சிறிய எழுத்துக்கும் குழப்பம் வராதபடி, பெரிய எழுத்தின் அடியில் கோடிட்டார். சம்பளப் பட்டியல் எழுதிய கை அது. ஒரு பிழைகூட இல்லை. 23இல் 9 கணக்குகள் இனித் தேவையில்லாதவை, அவற்றைப் பிறகு மூடினோம்.

அடுத்தது, எந்த உலாவி என்ற கேள்வி. குரோம் 109 வேண்டாம் என்பதில் எங்களுக்கு ஐயமில்லை, அதற்கு இனித் திருத்தமே வராது. பயர்பாக்ஸ் 115இன் நீட்டித்த ஆதரவுப் பதிப்புக்கு மட்டும், அந்தச் சமயத்தில், விண்டோஸ் 7-இலும் பாதுகாப்புத் திருத்தங்கள் வந்துகொண்டிருந்தன. செப்டம்பர் வரை வரும் என்று அறிவித்திருந்தார்கள், பிறகு அதையும் நீட்டினார்கள். அதைத் தற்காலிகமாக நிறுவினோம். பத்திரிகை படிக்கலாம், மின்னஞ்சல் பார்க்கலாம். வங்கி வேலை மட்டும் கூடாது, ஏனென்றால் உலாவி சரியாக இருந்தாலும் அடியில் உள்ள இயங்குதளம் கைவிடப்பட்டது.

வங்கிக்கு வேறு கணினி வேண்டும். விண்டோஸ் 10இன் ஆதரவு 2025 அக்டோபரில் முடியும் என்பது அப்போதே தெரிந்ததால், பழையதில் பழையதை வாங்கி இன்னொரு முறை அலைய விரும்பவில்லை. விண்டோஸ் 11 ஏற்கும், எட்டாம் தலைமுறைச் செயலி கொண்ட ஒரு பழைய மடிக்கணினி ஈப்போவில் 850 வெள்ளிக்குக் கிடைத்தது. மருமகன் பாதி கொடுத்தான். நடந்ததை எண்ணி அவன் மிகவும் வருந்தினான். அவனைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை, முதல் சந்திப்பில் நான் சொன்னதும் அதே வார்த்தைதான்.

அந்த மடிக்கணினியில் புதிய பயர்பாக்ஸ். இதற்கு மூன்று காரணங்கள் சொல்வேன். ஒன்று, எண்களைக் குறுஞ்சொல்லாகக் கொண்ட அவருடைய பழக்கம் அங்கே அப்படியே வேலை செய்யும். 1 என்று தட்டினால் நேரே வங்கிக்குப் போகும் ஒருவர் தேடல் விளம்பரத்தில் சிக்கமாட்டார். வெறும் பழக்கம் என்று நாங்கள் ஒதுக்கிய ஒன்றுதான் இத்தனை ஆண்டு அவருக்குக் காவலாக இருந்திருக்கிறது. இரண்டு, யூபிளாக் ஆரிஜின் விளம்பரத் தடுப்பான் அதில் முழு வலிமையோடு இயங்கும். தேடல் விளம்பரங்கள் வழியாகப் போலி வங்கித் தளங்கள் வருவதால் தடுப்பான் பயன்படுத்துங்கள் என்று அமெரிக்கப் புலனாய்வுத் துறையே 2022 டிசம்பரில் அறிவுறுத்தியது. குரோமோ அந்தத் தடுப்பானின் அடித்தளமான பழைய நீட்டிப்பு முறையைக் கைவிடும் பாதையில் இருந்தது. மூன்றாவது என் சொந்த எண்ணம். ஓபேரா உலாவி 2013இல், பக்கங்களை வரைந்து காட்டும் தன் சொந்த இயந்திரத்தைக் கைவிட முடிவுசெய்தது, மைக்ரோசாப்டின் எட்ஜ் உலாவி 2020இல் குரோமின் அடித்தளமான குரோமியத்துக்கு மாறியது. தனி இயந்திரத்தோடு நிற்கும் உலாவிகள் இன்று மிகச் சில. அதில் ஒன்றை ஒருவர் மனதார விரும்பிப் பயன்படுத்தும்போது, அவரை வெளியே இழுப்பது எங்கள் வேலையாக இருக்கக்கூடாது.

கூட்டுறவு அலுவலகத் தளம் ஒன்றுதான் மிச்சம். புதிய பயர்பாக்ஸில் திறந்தது, கணக்கறிக்கையைப் பதிவேற்றும் இடத்தில் மட்டும் நின்றது. அதற்கு விண்டோஸோடு வரும் எட்ஜைப் பயன்படுத்தினோம். புதுத் தாள் துண்டில் 4 என்ற எண்ணுக்கு எதிரே, "எட்ஜ், ஆண்டுக்கு ஒரு முறை" என்று எழுதினார்.

தானாகப் புதுப்பித்தலைத் திரும்ப இயக்கச் சம்மதிக்க வைப்பது கடினமாக இருக்கும் என்று எதிர்பார்த்தோம். "பதிவேடு வெளியே வந்துவிட்டால் இயக்கிக்கொள்ளுங்கள்" என்றார். அவ்வளவுதான்.

## பதிவேட்டை மாற்றிய நாள்கள்

திஸ்கி எழுத்தின் தோற்றத்தைப் பின்பற்றும் குறியாக்கம். 'கொ' என்பதை எழுதினால் முதலில் ஒற்றைக்கொம்பு, பிறகு க, பிறகு கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் சேமிக்கும். ஒருங்குறி முதலில் மெய்யையும் பிறகு உயிர்க்குறியையும் வைக்கும். எனவே மாற்றும் கருவி எழுத்தை எழுத்தாக மாற்றினால் மட்டும் போதாது, இடத்தையும் மாற்ற வேண்டும்.

இணையத்தில் மாற்றிகள் உண்டு. ஆனால் அடையாள அட்டை எண்கள் நிறைந்த பதிவேட்டை யாருடைய தளத்திலும் ஒட்ட நாங்கள் விரும்பவில்லை. கணினியிலேயே, இணைப்பில்லாமல் இயங்கும் மாற்றி ஒன்றைப் பயன்படுத்தினோம். ஒவ்வொரு கோப்பையும் பழைய கணினியில் பயர்பாக்ஸ் 56 பத்மாவோடும், புதியதில் மாற்றிய வடிவிலும் திறந்து, பக்கத்தில் பக்கம் வைத்து ஒப்பிட்டோம். நான்கு சனிக்கிழமைகள் ஆயின.

பழைய திரையில் இருப்பதைப் பெரியவர் படிப்பார், நான் புதியதில் சரிபார்ப்பேன். வெறும் பெயராக அவரால் படிக்க முடியவில்லை. கதவு எண் 14 வந்ததும் நிறுத்தி, அந்த வீட்டு வாசலில் இருந்த கொய்யா மரத்தைச் சொன்னார். 22இல் மண்டோர் (மேற்பார்வையாளர்) இருந்தார், அவர் வீட்டில்தான் முதலில் தொலைக்காட்சி வந்தது. 31இல் மூன்று பிள்ளைகளில் இருவர் இப்போது சிங்கப்பூரில். தோழர் இதையெல்லாம் தனியாக ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். அது திட்டத்தில் இல்லாதது, ஆனால் நிறுத்தச் சொல்ல எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

மாற்றி தவறிய இடங்கள் பெரும்பாலும் 'ஸ்ரீ' வரும் பெயர்களிலும், தமிழுக்கு நடுவே மலாய் ஊர்ப் பெயர்களை உரோமன் எழுத்தில் அவர் தட்டிய இடங்களிலும் இருந்தன. எல்லாம் கையால் திருத்தினோம். இரண்டு கோப்புகள் முன்பே சேதமாகியிருந்தன, பத்மாவிலும் சரியாகத் தெரியவில்லை.

## பின்னர் நடந்தவை

2024 மே மாதம் பதிவேடு ஒருங்குறியில் முடிந்தது. மூன்று நகல்கள்: மடிக்கணினியில் ஒன்று, நிதியின் செயலாளரிடம் ஒன்று, அச்சிட்டுக் கட்டிய தொகுதி ஒன்று. அன்று மாலையே, சொன்னபடி, தானாகப் புதுப்பித்தலை இயக்கினார்.

முதன்மைக் கடவுச்சொல் ஒருவர் தலைக்குள் மட்டும் இருப்பது ஆபத்து என்பதை நிர்வாகக் குழுவில் அவரே எழுப்பினார். 23 கணக்குகள் எழுதிய புத்தகமும், முதன்மைக் கடவுச்சொல்லை எழுதி ஒட்டிய உறையும் இப்போது ஆலயத்தின் இரும்புப் பெட்டியில் இருக்கின்றன. திறக்க இருவர் கையொப்பம் வேண்டும்.

2025 மார்ச் 14ஆம் தேதி மொசில்லாவின் ஒரு மூலச் சான்றிதழ் காலாவதியானது. பயர்பாக்ஸ் 128க்கும், நீட்டித்த ஆதரவில் 115.13க்கும் முந்தைய பதிப்புகளில் நீட்டிப்புகள் பாதிக்கப்படும் என்று முன்கூட்டியே அறிவித்திருந்தார்கள். அதைப் படித்துவிட்டு என்னை அழைத்தார். பதிப்பு எண்ணைப் பார்க்கச் சொன்னேன், அது எப்போதோ தாண்டிப் போயிருந்தது. மறுநாள் காலை, "1 என்று தட்டிப் பார்த்தேன், வேலை செய்கிறது" என்று குறுஞ்செய்தி அனுப்பினார்.

அதன் பிறகு இரண்டு சாவுகள். இரண்டு முறையும் பணம் நண்பகலுக்குள் போய்ச் சேர்ந்தது.

## எங்கள் வேலையில் மாற்றியவை

உதவி கேட்டு வருகிறவர்களுக்கான குறிப்பேட்டில் இப்போது முதல் வரி, "இதை ஏன் வைத்திருக்கிறீர்கள்?" என்பது. பதிப்பு எண்ணும் இயங்குதளமும் அதற்குப் பிறகுதான். பதில் பல முறை "பழக்கம்" என்றுதான் வரும், அப்போது இன்னொரு முறை வேறு விதமாகக் கேட்கிறோம். சென்ற ஆண்டு ஒரு பாட்டி தன் பழைய கைப்பேசியை விட மறுத்ததற்குக் காரணம், அதில் இருந்த ஒரு குரல் பதிவு.

எதையும் நீக்கும்முன் நகல். யார் கணினியானாலும், எவ்வளவு அவசரமானாலும். நீக்குவதைக்கூட அன்றே செய்வதில்லை, புதியது ஒரு மாதம் ஓடிய பிறகு உரிமையாளரே நீக்கட்டும் என்று விடுகிறோம்.

புதிய உலாவி போட்டுக் கொடுத்தால், வங்கிக்கு அவர் எப்படிப் போகிறார் என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு முறை பார்க்கிறோம். தேடிப் போகிறவர்களாக இருந்தால் அங்கேயே புத்தகக்குறி போட்டுக் கொடுக்கிறோம்.

செய்ய நினைத்து இன்னும் செய்யாதது ஒன்று உண்டு. சுற்றுவட்டாரத்தில் மூடப்பட்ட மற்றத் தோட்டங்களின் கிராணிகளும் ஆலயச் செயலாளர்களும் பலர் இப்போது எழுபதைத் தாண்டியவர்கள். அவர்கள் வீட்டுக் கணினிகளில் திஸ்கியிலோ வேறு பழைய எழுத்துருவிலோ என்ன இருக்கிறது என்று யாரும் கணக்கெடுக்கவில்லை. பெரியவர் ஏழு பேரின் பட்டியலைக் கொடுத்திருக்கிறார். இருவரைப் பார்த்துவிட்டோம்.

சேதமான இரண்டு கோப்புகளில் மூன்று குடும்பங்களின் பெயர்கள் இன்னும் தெளிவாகவில்லை. கதவு எண்கள் 47, 48, 52. மேல் லயத்தில் இருந்த ஓர் அம்மா இப்போது தாப்பாவில் மகளோடு இருக்கிறாராம், அவருக்கு நினைவிருக்கலாம் என்று பெரியவர் சொல்கிறார். அடுத்த மாதம் போகிறோம்.